குதிரைக் கொட்டிலுக்கு வெள்ளை அடித்தது

ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை நான் குதிரைகளுக்காகக் கட்டப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள். இதைச் சொன்னால் இப்போது கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அன்று ஒருவரும் பிளக்கவில்லை. ரொறன்ரோவில், வோபர்ன் பகுதி மாடிக் குடியிருப்புகளில் இருந்த எங்கள் உறவினர்கள் கலியாண வீடுகளில் அம்மாவைக் கண்டால் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"இன்னும் உந்தக் குதிரைக் கொட்டிலுக்கையோ இருக்கிறியள்?"

அம்மாவின் முகம் சுருங்கிவிடும். "கொட்டிலுக்கு மேலை" என்று திருத்துவார். கீழே குதிரைகள் நின்ற இடம், மேலே வண்டியோட்டி குடியிருந்த இடம், நாங்கள் இருப்பது மேலே என்று விளக்குவதற்குள் கேட்டவர் அடுத்த மேசைக்குப் போயிருப்பார்.

ஸ்காபரோ முடிந்து பிக்கரிங் தொடங்குகிற இடத்தில், சரளைக்கல் பாதையின் முடிவில் ஒரு பழைய செங்கல் மாளிகை இருந்தது. ரொறன்ரோ நகரத்துப் பணக்காரர் ஒருவர் கோடைகாலத்தில் வந்து தங்குவதற்குக் கட்டியது. அதன் பின்னால், அதே சிவப்புச் செங்கல்லில், அதே மஞ்சள் கல் விளிம்புகளோடு, கோச்சு வண்டியும் குதிரைகளும் நிற்பதற்கென்று ஒரு கட்டடம். மாளிகையில் அந்தப் பணக்காரரின் பேத்தி தனியாக இருந்தார். எண்பது வயதுக்குக் கிட்ட. நெடிய உருவம், முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து. அப்பா அஜக்ஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, இவருக்குப் புல் வெட்டி, பனி தள்ளிக் கொடுத்தார். அதனால் பின்கட்டடத்தின் மேல்தளம் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பெரியவீட்டு மனுசி.

அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். கரண்ட் மீற்றர் பார்க்க வருகிறவரையும் விடமாட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், குதிரைகள் நின்ற அறைக்கும் வண்டி நின்ற அறைக்கும் நடுவே ஏன் கனத்த சுவர் இருக்கிறதென்று கேட்பார். அவருக்குத் தெரியாது. இவரே சொல்வார். குதிரை மூத்திரத்தின் ஆவி வண்டியின் வார்னிஷைத் தின்றுவிடும், ஆகவே வண்டிக்குத் தனி அறை. நிலம் ஏன் நடுவை நோக்கிச் சரிந்திருக்கிறது? கழுவிய தண்ணீர் ஓட. யன்னல்கள் ஏன் இவ்வளவு உயரத்தில்? வெளியே போவதைக் கண்டு குதிரை மிரளாமல் இருக்க. கூரையின் உச்சியில் இருந்த சின்னக் கூண்டு அழகுக்கு வைத்ததல்ல, வைக்கோல் வெந்து தீப்பிடிக்காமல் காற்றுப் போவதற்கு. வண்டியோட்டியின் குடும்பத்தை ஏன் குதிரைகளுக்கு மேலே வைத்தார்கள் என்பதற்கும் காரணம் இருந்தது. குதிரைகளின் உடல் சூடு பலகைகளுக்குள்ளால் மேலே ஏறுமாம். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் குளிர் தாங்காதபோது அம்மா, "ரெண்டு குதிரையையும் சேர்த்து வாடகைக்குத் தந்திருக்கலாம்" என்பார்.

ஆனால் பெரியவீட்டு மனுசி வருகிறவர்களைக் கடைசியாகக் கூட்டிப் போவது சேணங்கள் தொங்கவிடும் சின்ன அறைக்கு. அதன் சாந்துச் சுவரில் அந்தக் காலத்து வண்டியோட்டி தடித்த பென்சிலால் எழுதிவைத்திருந்தார். குதிரைகளின் பெயர்கள், லாடம் அடித்த நாட்கள், எந்தக் குட்டி எப்போது பிறந்தது, எந்த நாள் ஏரி உறைந்தது, எந்த நாள் எசமானை ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டது. கூட்டல் கணக்குகள்கூட இருந்தன. ஒரு மூலையில் யாரையோ திட்டியுமிருந்தார். அழுக்கும் புகையும் ஏறி, தேய்ந்து, கிட்டப்போய்க் கண்ணைச் சுருக்கினால்தான் வாசிக்கலாம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் மாமா எங்களோடு இருந்தார். மாமா அம்மாவின் தம்பி. இரண்டு வருடங்களுக்கு முன்னர் தனியாக வந்து சேர்ந்து, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் ஒரு குழுவில் வேலை செய்தார். மாமியும் மூன்று வயது மகளும் வன்னியில். மாசி மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வைகாசியில் போர் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னது. எங்கள் வீட்டில் முடிந்தது போலத் தெரியவில்லை. மாமா தெரியாத இலக்கங்களுக்கெல்லாம் போன் எடுப்பார். நகரத்தில் எங்கள் சனம் பதாகை பிடித்துக்கொண்டு நின்ற தெருக்களில் போய் நிற்பார். ஏணியில் ஏறினால் இறங்க மறந்து நிற்கிறாரென்று குழுத் தலைவர் அவரை ஒரு கிழமை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத இரண்டு பேருக்காக மாமா கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருந்தார். அதை எவரும் அவருக்கு முன்னால் இந்த வார்த்தைகளில் சொன்னதில்லை. அம்மா அந்தப் படிவங்களுக்குத் திருநீறு பூசி அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கிழமையின் நடுவில் பெரியவீட்டு மனுசி எங்கள் படியேறி வந்தார். வெள்ளிக்கிழமை காலை நகரசபையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குதிரைக் கொட்டகையைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமென்று பதிவு செய்வதா இல்லையா என்று பார்க்கப் போகிறார்கள். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு இப்போதுதான் இணங்கியிருக்கிறார்கள். பதிவு செய்துவிட்டால் தனக்குப் பின்னால் எவரும் இதை இடிக்க முடியாது. அப்பா வேலையில் இருந்ததால் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவள் நான் என்பதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன்.

"ஒண்டும் செய்ய வேண்டாமாம். எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டாம். கீழை அந்தச் சின்ன அறைச் சுவர்தான் எல்லாத்திலும் முக்கியமாம்."

அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். அவர் இறங்கிப் போனதும், "பாவம், எங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாதெண்டு நினைக்கிறா" என்றார்.

இதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடையே, வரப்போகிறவர் 'ஒண்டும் சமைக்காதேங்கோ, சும்மா ஒரு தேத்தண்ணி காணும்' என்று சொன்னால் அதற்குப் பொருள் மூன்று கறியும் ஒரு பொரியலும். அப்படியே நம்பித் தேத்தண்ணியோடு விட்டவர்களைப் பற்றிப் பத்து வருடங்களுக்குப் பேசுவார்கள். 'ஒண்டும் செய்ய வேண்டாம்' என்று ஒரு மனுசி, அதுவும் எண்பது வயதில், படியேறி வந்து சொன்னால் என்னதான் செய்யாமல் விடுவது? அம்மா உடனே வடைக்கு உழுந்து அளந்துவைத்தார். கீழே இறங்கி நூறு வருடத்துச் சிலந்தி வலைகளை விளக்குமாற்றால் இழுத்தார்.

மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும், "எந்தச் சுவர் பிள்ளை முக்கியமெண்டவ?" என்று கேட்டார். நான் கூட்டிப்போய்க் காட்டினேன். கறுத்து, புகை பிடித்து, யாரோ கிறுக்கிவைத்த சுவர். மாமா அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி வந்தது. "கவுண்மேந்து ஆக்கள் வந்து இதையோ பாக்கிறது?" என்றார். எழுத்துகளைப் பற்றி நான் சொன்னேனா? சொன்னேன். குதிரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தும் காட்டினேன். ஆனால் அழிக்காதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முக்கியமான சுவர் என்றால் வடிவாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது மாமா முதல் பூச்சை முடித்திருந்தார். வேலைத்தலத்தில் மிஞ்சிய நல்ல வெள்ளைப் பெயின்ற். வெடிப்புகளை அடைத்து, உரசித் தேய்த்து, விளிம்புகளுக்கு ஒட்டுநாடா ஒட்டி, எசமான் வீட்டு வரவேற்பறைக்குச் செய்வது போலச் செய்திருந்தார். நான் அவருக்கு வாளி பிடித்தேன். பல கிழமைகளுக்குப் பிறகு மாமா அன்று மெதுவாக எதையோ முணுமுணுத்துப் பாடினார். எல்லாவற்றிலும் முக்கியமான சுவர் என்பதால் அதற்கு மட்டும் இரண்டாவது பூச்சும் பூசினார்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்குக் கூட்டமென்று பள்ளிக்கூடம் இல்லை. அப்பா இரட்டை ஷிப்டில் நின்றுவிட்டார். அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வண்டி நின்ற அறையில் அம்மா ஒரு மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, வடையும் ரோல்சும் கேசரியும் அடுக்கி, தேத்தண்ணிக்குக் குடுவையும் வைத்திருந்தார். மாமா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கலியாணத்துக்குப் போடும் சேர்ட்டைப் போட்டிருந்தார்.

ஒன்பதரைக்குப் பெரியவீட்டு மனுசி வந்தார். அம்மா பெருமையோடு சின்ன அறையின் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் உள்ளே ஓர் அடி வைத்து நின்றார். பிறகு சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். சத்தம் போடவில்லை. யார் செய்தது என்று என்னிடம் கேட்டார். மாமா என்றேன். இதுதான் முக்கியமென்று நீங்கள் சொன்னீர்கள், அதனால் இரண்டு பூச்சு என்றும் சொன்னேன். அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். கொட்டகையின் கதவுகள் புதிது, கூரையும் மாற்றியாகிவிட்டது, வருகிறவர்கள் பார்க்கப்போவது அந்த எழுத்துகளைத்தான், விண்ணப்பத்தில் தான் எழுதியதே அதைப் பற்றித்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

"என்ன பிள்ளை, பிழையோ?" என்றார் மாமா. நான் சொன்னேன்.

மாமா பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்து, அதில் துப்பி, சுவரைத் தேய்க்கத் தொடங்கினார். நல்ல பெயின்ற், காய்ந்து இறுகிவிட்டிருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா, இது கவுண்மேந்தின்ர சுவரெல்லே. அவங்கள் கேஸ் போட்டால் என்ர ஃபைலை மூடிப்போடுவாங்கள். இனி அவையளை நான் இஞ்சை எடுக்கேலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லு பிள்ளை. தெரியாமல் செய்துபோட்டன் எண்டு சொல்லு. என்ர மனுசியும் பிள்ளையும் அங்கை நிக்கினம், போலீசுக்குச் சொல்ல வேண்டாமெண்டு கேள்."

இன்று யோசித்தால் யாரும் அப்படிக் கேஸ் போட மாட்டார்கள் என்று தெரிகிறது. ஆனால் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்த ஒருவரிடம், சீருடை போட்டவர்களும் கோப்பு வைத்திருப்பவர்களும் வேறுவேறு ஆட்கள் என்று எப்படி நம்பவைப்பது? நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். ஃபைலையும் சொன்னேன், போலீசையும் சொன்னேன், மாமியையும் சொன்னேன். அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைக்கு என்ன வயது? மூன்று என்றேன். வெளியே சரளைக்கல்லில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். கையில் கோப்போடு ஓர் ஆண், கழுத்தில் கமராவோடு ஒரு பெண். வெளிச்சுவரைப் படமெடுத்தார்கள், சரிந்த நிலத்தை அளந்தார்கள், கடைசியில் அந்தப் பெண் எழுத்துச் சுவர் எங்கே என்று ஆவலோடு கேட்டார். பெரியவீட்டு மனுசி சின்ன அறைக்குக் கூட்டிப்போய், வெள்ளைச் சுவரைக் காட்டி, அமைதியாகச் சொன்னார். அழுக்காக இருந்தது. நான்தான் பெயின்ற் அடிக்கச் சொன்னேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையே! ஒன்றும் செய்ய வேண்டாமென்று அவர்தானே படியேறி வந்து சொன்னார். ஒருவர் பிழையாகச் சொன்னால் கையை உயர்த்தித் திருத்த வேண்டுமென்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள். நான் கையையே உயர்த்தினேன். இல்லை, நீங்கள் ஒன்றையும் தொட வேண்டாமென்று சொன்னீர்கள் என்று நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்.

கோப்பு வைத்திருந்தவர் என்னையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். மாமாவின் நகக்கண்களில் வெள்ளை இருந்தது. பெரியவீட்டு மனுசி சிரித்தார். எனக்கு எண்பது வயதாகிறது, புதன்கிழமை ஒன்று சொல்வேன், வியாழக்கிழமை இன்னொன்று சொல்வேன், இந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமை மட்டுந்தான் தெரியும் என்றார். நீங்களே காப்பாற்றச் சொல்லி எழுதிய சுவராயிற்றே என்று அந்தப் பெண் கேட்டார். என்னுடைய சுவர்தானே, என் இஷ்டம் என்று கொஞ்சம் கடுமையாகவே பதில் வந்தது. கோப்பு வைத்திருந்தவர் எதையோ நெடுநேரம் எழுதினார். பிறகு பெரியவீட்டு மனுசி என்னிடம் திரும்பி, உன் அம்மா விடியற்காலையிலிருந்து நின்று செய்திருக்கிறார், போய்த் தட்டை எடுத்து வா என்றார். வந்தவர்கள் இருவரும் ஆளுக்கு மூன்று வடை சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனதும் மாமா என் தோளைப் பிடித்தார். "என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம். தானே அடிக்கச் சொன்னதெண்டு சொல்லுறா. அவவுக்கு எல்லாம் மறந்து போச்சு."

மாமா அந்த வாளியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். பிள்ளையார்தான் அந்த மனுசியின் ஞாபகத்தை அந்த நேரம் பார்த்து மறைத்தார் என்பது அம்மாவின் முடிவு. அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குப் போய்ப் பதினொரு தேங்காய் உடைத்தோம். பெரியவீட்டு மனுசியையும் அம்மா கைவிடவில்லை. ஞாபகசக்திக்கு நல்லதென்று, ஸ்காபரோத் தமிழ்க் கடையில் வல்லாரை வாங்கி, தேங்காய்ப்பூப் போட்டுச் சம்பல் செய்து, கிழமைக்கு இரண்டு தடவை என்னிடம் கொடுத்தனுப்புவார். அவர் ஒரு தடவையாவது வேண்டாமென்று சொன்னதில்லை. ஞாபகம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன். கொஞ்சம் பரவாயில்லை என்பார்.

ஆடி மாதம் மாமி முகாமிலிருந்து போனில் பேசினார். இருவரும் உயிரோடு இருந்தார்கள். மாமா போனை வைத்துவிட்டுக் கீழே ஓடினார். நாங்கள் பின்னால் போய்ப் பார்த்தபோது புல்வெளியில் நின்று பெரியவீட்டு மனுசிக்குக் கைகால்களால் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமாவுக்காக அரசாங்கத்துக்கு நற்சாட்சிக் கடிதம் எழுதியவரும் அவர்தான். இரண்டரை வருடங்கள் கழித்து மாமியும் அவர் மகளான என் மச்சாளும் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குத் தன் காரையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கட்டடம் பதிவாகவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பெரிதாகக் கதைக்கவும் இல்லை. சில வருடங்களில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார், அவருடைய மகன் காணியை விற்றார், நாங்கள் அஜக்ஸுக்கு வீடு மாறினோம். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வரிசையாகப் புது வீடுகள். அவற்றில் இரண்டுக்கு மாமாவின் குழுதான் பெயின்ற் அடித்தது. மாமா இப்போது குழுத் தலைவர்.

பெரியவீட்டு மனுசி தொண்ணூறு தாண்டி இறந்தார். செத்தவீட்டுக்கு நாங்கள் குடும்பமாகப் போனோம். மாமி வெள்ளைச் சேலையில், மச்சாள் மாமாவின் உயரத்தில். மகன் எங்களை அடையாளம் கண்டு வந்து கைகொடுத்தார். தன் அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் ஒன்றும் மறக்கவில்லை என்றார். நாற்பது வருடத்துக்கு முந்திய பால்காரனின் பெயரையும் சொல்வாராம். ஆனால் ஒன்றுதான் தனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்றார். அந்தக் கொட்டகையைக் காப்பாற்ற அத்தனை வருடங்கள் சண்டை பிடித்தவர், அதற்காக மகனோடும் பேசாமல் இருந்தவர், ஆட்கள் பார்க்க வருகிற நேரத்தில் அந்தச் சுவரைத் தானே அழிக்கச் சொன்னதாகச் சொன்னார். ஏன்? கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

மாமாவுக்கு இப்போது ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். மாமியைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மறந்து போனவ எண்டெல்லே நீ சொன்னனீ, பிள்ளை" என்றார்.

ஓம், அப்படித்தான் சொன்னேன். அன்று அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்த எங்கள் ஆள் நான் ஒருத்திதான். மாமியைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் அவரிடம் சொன்னவளும் நானேதான். அடுத்த நிமிடம் அவர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அது மாமாவுக்காகச் சொன்னது என்பது மட்டும் விளங்கவில்லை. மாமா அவருக்கு நன்றி சொல்ல இத்தனை வருடங்கள் இருந்தன, நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தோம்.